டிராயருக்குள் எரியும் பல்பு

ஜூன் 4
மூன்று நாளாக எங்கள் தீவில், மின்னி பே பக்கமெல்லாம் மழை. மழையால் வேலைக்குப் போகாத என் வீட்டுக்காரர் தாமஸ் ஒரு மேஜையைச் செய்து முடித்துவிட்டார். டிங்கி படகுக்கு வாங்கியதில் மிஞ்சிய பலகை. டிராயர்கூட உண்டு. ஒரு கால் மட்டும் குட்டை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க நிக்கிற மாதிரியே நிக்குது" என்றேன்.

தாமஸ் சிரிக்கவில்லை. "லூசி அஞ்சு வருசமா கேட்டா" என்று மட்டும் சொன்னார்.

லூசி இவர் தங்கை. இங்கேதான் இருந்தாள். அரிசி டிரம் மேல் நோட்டை வைத்துக் கோயிலுக்குப் பாட்டு எழுதுவாள். ஏப்ரலில் பாட்டுக்குழு முன்னால் ஒன்றை வாசித்தாள். நான் சும்மா இருந்தேனா? "இதைப் பாடினா வலையில கெடக்குற மீனும் கும்பிடு போட்டுட்டுக் கடலுக்கே திரும்பிரும்" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் நோட்டை மூடினாள். அடுத்த கப்பலில் மெயின்லேண்டு. தூத்துக்குடியில் பெரியண்ணன் வீட்டில் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை.

எடுக்காவிட்டால் என்ன, கடிதம் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள்தானே நானும்.

ஜூன் 6
மேஜையை எங்கே போடுவது? ஜன்னலோரம் சாரல். அடுப்படியில் எண்ணெய். மிச்சம் ஃப்ரிட்ஜ் பக்கம்தான், அது நாயின் இடம். கேப்டன் நகரவில்லை, மேஜைக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு என் காலில் மூச்சு விடுகிறது. பேனாவைத் திறப்பதற்குள் மகள் பிரவீனா பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பரப்பிவிட்டாள். "அரே மம்மி, டேபிள் உங்களுக்கு மட்டுமா?" இவர் தன் பங்குக்கு எண்ணெய் சொட்டும் என்ஜின் சாமான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூன் 9
"அன்புள்ள லூசிக்கு, நீ போனதிலிருந்து மீன் நிறையக் கிடைக்கிறது." அடித்தேன். மறுபடி எழுதினேன், அதுவும் கேலி. ஒரு வரியை நேராக எழுத இவ்வளவு கஷ்டமா? அவள் எப்படி எழுதினாள்?

டிரம் மேல் நோட்டை வைத்துக் குனிந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. நான் அரிசி எடுக்க வரும்போதெல்லாம் நோட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருப்பாளே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? நான் கவனித்ததே இல்லை.

ஜூன் 12
தாளெல்லாம் பூஞ்சை. துணி பூக்காமல் இருக்க பீரோவுக்குள் பல்பு எரியவிடுகிறோமே, டிராயருக்குள்ளும் ஒன்று போட்டால் என்ன? போட்டாயிற்று. சின்னக் குண்டு பல்பு. "வீட்டைக் கொளுத்தப் போற" என்றார். கொளுத்தவில்லை. தாள் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருக்கிறது.

பக்கத்து வீட்டு நல்லதம்பி அண்ணன் பதினெட்டாம் தேதி கப்பலில் ஊருக்குப் போகிறார். அவரும் தூத்துக்குடிதான். தபாலில் வந்தால் என் கையெழுத்தைப் பார்த்ததும் லூசி தூர வைத்துவிடுவாள். ஆள் வந்து நீட்டினால் வாங்கித்தானே ஆக வேண்டும்?

ஜூன் 15
முடித்துவிட்டேன். ஒரு பக்கம். கேலியே இல்லை. சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். டிராயரில் பத்திரமாக வைத்தேன்.

ஜூன் 17
ஐயோ. டிராயரைச் சரியாக மூடவில்லை. கதகதப்பாக இருக்கிறதென்று எங்கள் பூனை மேடம் உள்ளே போய் நாலு குட்டி போட்டிருக்கிறாள். கடிதம்தான் விரிப்பு. கையை நீட்டினால் சீறுகிறாள்.

நல்லதம்பி அண்ணன் எட்டிப் பார்த்தார். "காலைல நான் கப்பலேறுற ஜெட்டியில இருக்கணும் தங்கச்சி. பூனைக்காக ஜஹாஜ் நிக்காது."

சிரிப்புத்தான் வந்தது முதலில். அப்புறம் — சேச்சே, இந்த வயசுல பூனைக்காகவா அழுவாங்க?

தாமஸ் தன் என்ஜின் சாமானைத் தூக்கிக் கீழே வைத்தார். பிரவீனா புத்தகங்களை ஒதுக்கி, தன் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். "நடந்ததையே எழுதுங்க மம்மி."

எழுதினேன். மேடத்தின் பிரசவம், டிரம், முதுகு வலி எல்லாம். கடைசியில் கை தானாக எழுதியது: "உன் பாட்டு நன்றாகத்தான் இருந்தது லூசி. எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் சொன்னேன்."

எழுதி முடிக்கும் வரை இது எனக்கே தெரியாது.

ஜூன் 18
கப்பல் போய்விட்டது.

ஜூன் 30
நல்லதம்பி அண்ணன் போன் செய்தார்.

"குடுத்தீங்களா?"
"குடுத்தேன்."
"படிச்சாளா?"
"வாங்கிட்டு நேரா அடுப்படிக்குள்ள போயிருச்சு. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?"

அடுப்படிக்குள் எதற்கு? படிக்கவா, கொளுத்தவா?

ஜூலை 11
மேடம் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டாள். டிராயரைக் கழுவித் துடைத்தேன். குட்டைக் காலுக்கு இவர் கட்டை கொடுத்தார்.

ஜூலை 19
பிரவீனாவின் போனில் லூசி செய்தி அனுப்பியிருக்கிறாள். எனக்குத்தான்.

"மைனி, டிராயர்ல அஞ்சு நோட்டு வைக்க எடமிருக்கா? இல்ல, மேடம் அடுத்த பிரசவத்துக்கும் புக் பண்ணிட்டாளா?"

பதில் ஏழெட்டு வந்தது, ஒவ்வொன்றும் நல்ல கேலி. வாயை மூடிக்கொண்டு "இருக்கு" என்று மட்டும் பிரவீனாவை அனுப்பச் சொன்னேன்.

டிராயரில் இருந்த என் நோட்டை எடுத்துக்கொண்டேன். பல்பு எரிகிறது. அரிசி டிரம் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். குட்டிகள் பேனாவைப் பிடிக்க வருகின்றன.

முதுகு வலிக்கிறது.