பத்தாவது கேள்வி

என் கூட்டாளிக்கு,

மேசைமேல் ஒரு சின்னப் புத்தகம் கிடக்கிறது. என் மகளுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து தபாலில் வந்தது. வழவழப்பான தாள், பிரித்ததும் புது மை வாசம். உள்ளே, வெளிநாட்டுக்குப் படிக்க வரும் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் என்று ஒரு பகுதி. குளிர் எப்படி இருக்கும், என்ன துணி எடுத்து வர வேண்டும், சோறு கிடைக்குமா, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு கடிதம் போடலாம். பாதியில் மூடி வைத்துவிட்டேன். எல்லாம் நீ கேட்ட கேள்விகள். வரிசைகூட ஏறக்குறைய அதேதான்.

புத்தகத்தோடு ஒரு விண்ணப்பத் தாளும் வந்திருக்கிறது. காலையில் அதை என் முன்னால் வைத்து, "அப்பா, உங்க கையெழுத்து அழகா இருக்கும்லா. நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றாள். முதல் கட்டத்தில் பெயர். பேனாவைத் திறந்தேன், மூடினேன். அப்புறம் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது மத்தியானம் ஆகிவிட்டது, கட்டம் காலியாகவே இருக்கிறது. அவளுக்கு எழுத வேண்டியதை எழுத முடியாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக உனக்கும் நான் பாக்கி வைத்திருக்கும் கடிதம் இது.

லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்கு எதிரே உன் வாப்பாவின் சாப்பாட்டுக் கடை. அதில் கடைசி மேசை நம்முடையது. பரோட்டாக் கல் சத்தத்துக்கு நடுவே அங்கே உட்கார்ந்துதான் நாம் அந்தத் தாளை எழுதினோம். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை, சீனியர் கேம்பிரிட்ஜ், பாஸ் பண்ணிய கையோடு உனக்கு மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை. எனக்கு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலை கிடைத்ததே பெரிய பாடு. அதனால் உன் ஆசையை நானும் சேர்ந்து ஆசைப்பட்டேன். காலேஜுக்கு அனுப்பப் பத்துக் கேள்வி. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"மெட்ராஸ்ல குளிருமான்னு கேக்கறியே, உம்மாவுக்கு ஒரு கடுதாசி போட்டா சொல்லிட்டுப் போறாங்க" என்று கிண்டல் பண்ணினேன். உன் உம்மா ராமநாதபுரத்துப் பக்கம் கடலோர ஊரில் இருந்தார்.

"உம்மா மெட்ராஸைப் பாத்ததே இல்லடா. எங்க ஊர்ல இருந்து மெட்ராஸ் எவ்வளவு தூரம் தெரியுமா? இங்கேருந்து கோலாலம்பூரைவிடத் தூரம்" என்று கோபித்துக்கொண்டாய். ஆனாலும் ஒன்பதாவது கேள்வி உம்மாவுக்காகத்தான். விடுமுறையில் வெளியூர் போய்ப் பெற்றவர்களைப் பார்த்து வர அனுமதி உண்டா?

பத்தாவதை நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய். 'பிடிக்கவில்லை என்றால் படிப்பு முடியும் முன்பே திரும்பி வரலாமா?' எழுதிவிட்டுச் சிரித்தேன். "இதப் பாத்தா, இவன் தேறமாட்டான்னு இப்பவே முடிவு கட்டிருவாங்கடா" என்று சொல்லி, நல்ல அழுத்தமாக ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டேன். நீ அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாமேன்னு கேட்டேன்" என்றாய். அதோடு விட்டுவிட்டோம்.

நல்ல தாளில் பிரதி எடுத்து அனுப்புவதற்குள் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டான். கப்பல் நின்றது, தபால் நின்றது. உம்மாவிடமிருந்து ஒரு வரி கிடையாது. அரிசி இல்லாமல் கடையில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றார் வாப்பா. பிறகு அதற்கும் ஆள் வரவில்லை. துரை ஓடிப்போன எஸ்டேட்டில் பெரிய கிராணியும் போய்விட, ஆபீசில் மிஞ்சியவன் நான். மருந்து கொடுக்கிறவரும் இல்லை என்று உன்னைக் கூட்டிவந்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வைத்தேன். மருந்து எங்கே இருந்தது? கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் லயத்துக் கூலியாட்களின் புண்ணைக் கழுவிக் கட்டுவாய். அது முடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து ஜப்பான் எழுத்தை மண்ணில் எழுதிப் பழகுவாய். ஜப்பான்காரனைக் கண்டால் குனிந்து வணங்குவதற்கே எனக்கு இடுப்பு வளையாது. நீ அவன் பாஷையையே படித்தாய் என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

இரண்டாம் வருடம் அந்த அறிவிப்பு வந்தது. படித்த வாலிபர்களை ஜப்பானுக்கு அனுப்பி மேற்படிப்புப் படிக்க வைப்பார்களாம். நீ அன்றைக்கு நடந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே. கால் தரையில் படவில்லை.

"அவன் ஊருக்கா போறே?" என்றேன்.

"எந்த ஊர்ல படிச்சா என்னடா? வாந்தி பேதிக்கு மருந்து ஒண்ணுதான். எனக்கு வயசு போயிக்கிட்டே இருக்கு சூசை. இன்னும் எத்தனை வருஷம் கொய்யா இலையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது?"

பெட்டியிலிருந்து நம்முடைய பழைய தாளை எடுத்தாய். மெட்ராஸ் என்ற சொல்லை அடித்து, மேலே ஜப்பான் என்று எழுதினாய். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

டவுனிலிருந்து வந்த ஜப்பான்காரனின் மொழிபெயர்ப்பாளர் நம்முடைய தமிழ் ஆள்தான். தாளைக் காட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அலமாக், கேள்வியெல்லாம் கேக்காதீங்க தம்பி. கேள்வி கேட்டா அவனுக்குப் பிடிக்காது. பேரு, வயசு, உடம்பு நல்லாருக்கா, வெளியூர் போகச் சம்மதமா. இதை மட்டும் எழுதி நாளைக்குள்ள குடுங்க" என்றார்.

எழுதத் தாள் ஏது அப்போது? அலமாரியில் பழைய செக்ரோல் தாள்கள்தான் அடுக்காகக் கிடந்தன. வேலையாட்களின் பெயரும் வேலை நாளும் பதிவதற்காக, கட்டம் போட்டு அச்சடித்தவை. அந்தத் தாளில் கூலியாள் பெயரைத் தவிர வேறொரு பெயரை எஸ்டேட்டில் யாரும் எழுதியது கிடையாது. என் பெயர்கூட அதில் வந்ததில்லை. இது எனக்குத் தெரியாதா? அதே வாரம், ரயில் பாதை போட சயாமுக்கு ஆள் கேட்டார்கள் என்று அந்தப் பட்டியலையும் அதே மாதிரித் தாளில்தான் எழுதினேன். உன்னுடையதைத் தனித் தாளில் எழுதினேன். ஒரே பெயர். பெயரை மட்டும் இரண்டு தடவை ஒத்திகை பார்த்து, குண்டு குண்டாக எழுதினேன். வயது இருபத்தொன்று, உடம்பு நலம், சம்மதம். மேல் மூலையில் படிப்புக்காக என்று இங்கிலீஷில் ஒரு சொல். இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினேன்.

நான் அனுப்பினேன். இதை இந்த இருபது வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன்.

லாரி வந்த காலையில் உன் பெயரைத்தான் முதலில் வாசித்தார்கள். நீ வெள்ளைக் கால்சட்டை போட்டு, பெட்டியோடு தயாராக நின்றாய். லாரியில் ஏற்கெனவே லயத்து ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நீ தயங்கினாய். நான்தான் மொழிபெயர்ப்பாளரிடம் ஓடினேன்.

"எல்லாரும் ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணாத்தான் போவாங்க. அங்க பிரிச்சு அனுப்புவாங்க" என்றார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் தெரியாது.

வந்து உன்னிடம் அதையே சொன்னேன். பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். "எழுதுடா" என்றேன். "முத கடுதாசி உம்மாவுக்கு, ரெண்டாவது வாப்பாவுக்கு, நீ மூணாவது" என்று சிரித்தாய். லாரி போன பிறகு ஏனோ மனசு கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தேன்.

ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி நின்றது. ஆட்களை ஏற்றிக் கதவை இழுத்துவிட்டிருந்தார்கள். நீ எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. எஞ்சின் ரெங்கம் பக்கம் பார்த்து நின்றது. ஜப்பானுக்குப் போகிறவன் தெற்கே சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏற வேண்டும். இது குளுவாங், கிம்மாஸ் என்று வடக்கே போகிற வண்டி. நீயும் சயாமுக்குத்தான் போகிறாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. துப்பாக்கியில் கத்தி சொருகியவன் ஒருவன் பிளாட்பாரத்தில் நின்றான். நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அவனைப் பார்த்துக் குனிந்து வணங்கினேன். வளையாத இடுப்பு அன்றைக்கு நன்றாக வளைந்தது. நிமிரும்போது வண்டி நகர்ந்துவிட்டது.

மறுநாள் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப்போய் அழுதேன். அவர் தாளை எடுத்து நீட்டினார். "உங்க எழுத்துதானே தம்பி? அந்த ஜப்பான் ஆபீசருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. இந்தத் தாளு வந்தா கூலியாள் பட்டியல்னு மட்டும் நல்லாத் தெரியும். இப்பப் போயி மாத்துங்கன்னு கேட்டா உங்களையும் ஏத்தி அனுப்புவான்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என்னையும் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம்தான். வேறு காரணம் எதையும் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

வாப்பாவிடம் சொல்லவில்லை. "என் மவன் ஜப்பான்ல டாக்டருக்குப் படிக்கிறான்" என்று கிழங்கு வாங்க வந்தவர்களிடம் எல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடைசி மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போகாமலும் இருக்க முடியவில்லை.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து மாரிமுத்து திரும்பி வந்தான். நம் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவன், அதே லாரியில் போனவன். எலும்பும் தோலுமாக ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தான். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நம் தாளை எடுத்து, அதில் உள்ளபடியே கேட்டேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் வேறு வார்த்தை வரவில்லை.

"அங்க குளிருமா?"

"மழைங்க ஐயா. நாலஞ்சு மாசம் விடாத மழை."

"துணி?"

"போட்டுட்டுப் போனது கிழிஞ்சதும் சாக்குதாங்க."

சோறு உண்டு, புழுவும் அதில் உண்டு என்றான். கடுதாசி போட முடியுமா என்று கேட்டதற்கு, கடுதாசியா என்று திருப்பிக் கேட்டான். உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டபோதுதான் உன்னைப் பற்றிச் சொன்னான்.

"நம்ம கடைக்கார பாய் மவன்தாங்க பாத்தாரு. பேதி வந்தவங்களத் தூக்கி ஒரு கொட்டாய்ல போட்டுருவாங்க. யாரும் கிட்டப் போக மாட்டாங்க. அவரு போவாரு. தண்ணி காய்ச்சி ஊட்டுவாரு. நாங்க எல்லாம் அவர டாக்டருன்னுதான் கூப்புடுவோம். அதே பேதி அவருக்கும் வந்திருச்சு. மூணு நாளுதாங்க."

மாரிமுத்து சொல்லிக்கொண்டே போனான்.

"ஆரம்பத்துல எல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க. என்னைத் தப்பா மாத்தி ஏத்திட்டாங்க, என் கூட்டாளி ஆபீஸ்லதான் இருக்கான், அவன் பாத்துச் சரி பண்ணிருவான்னு. ஆளு வரும்னு வழியப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

அவனிடம் நான் ஒன்பது கேள்விதான் கேட்டேன். பத்தாவதைக் கேட்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"பேரை யாருப்பா எழுதுனது?"

"ஆபீஸ்ல எழுதுனாங்க வாப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அடுத்த வருடம் கடையை விற்றுவிட்டு உம்மாவிடம் போகக் கப்பல் ஏறினார். வழியனுப்பப் போனவனைக் கட்டிப்பிடித்து, "என் மவனுக்கு நீதான் நல்ல கூட்டாளி" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை என்று கேள்விப்பட்டேன். இனி யாரிடம் சொல்வது?

அதற்குப் பிறகு நான் இன்னொருவர் பெயரை எந்தத் தாளிலும் எழுதியதில்லை. கிராணி வேலையை விட்டுவிட்டு டவுனில் ஒரு மரக்கடையில் சேர்ந்தேன். மகளின் பிறப்புப் பத்திரத்துக்குக்கூட என் மனைவிதான் எழுதினாள். அப்பாவுக்குச் சோம்பல் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் அவளைக் கூப்பிட்டேன். "உன் பேரை நீயே எழுதும்மா" என்று பேனாவைக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். தகப்பனார் சம்மதம் என்ற கட்டத்தில் மட்டும் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் என்று அவள் சிரித்தாள். புத்தகத்தை முழுக்கப் படித்தாயா, கேள்வி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் அதுலயே இருக்குப்பா."

"அதுல இல்லாதது ஒண்ணு இருக்கு. அங்க பிடிக்கலைன்னா பாதியிலயே வந்துரு. யாரு என்ன சொன்னாலும் வந்துரு."

"என்னப்பா நீங்க, போறதுக்கு முன்னாலயே திரும்பி வரச் சொல்றீங்க லா" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும், "சரிப்பா, வந்துர்றேன்" என்றாள்.

அவள் தபாலாபீஸ் போயிருக்கிறாள். உன் தாளை எடுத்து இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது, ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பத்தாவது வரியின் மேல் நான் இழுத்த கோட்டை இன்று மகளின் ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். தாள்தான் தேய்கிறது. உன் கேள்வி அடியில் நன்றாகத் தெரிகிறது, கோடு அப்படியே இருக்கிறது.

சூசை