குடும்பத்துக்கு மட்டும்

சிதம்பரம்,
வைகாசி 14

அன்புள்ள ஜோதிக்கு,

நலம்தான். நீயும் நம் மகள் வெண்மதியும் நலமென்று அவள் ஸ்டேட்டஸில் வைக்கும் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். உன் அண்ணன் ஸ்ரீதர் கண்ணில் படும்படி வைக்காதே.

வீட்டுக்கார அம்மா அமராவதி நேற்றுக் காலையில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஃபேமிலின்னு சொல்லித்தான சார் வந்தீங்க, ரெண்டு வருசமா ஃபேமிலியவே காணமே என்று கேட்டார். உனக்குச் சென்னையில் வேலை என்றேன். அது தெருவுக்கே தெரியுது சார், மாடியில வயசுப் பொண்ண வச்சிருக்கறவுங்க கேக்கறாங்க, பேச்சிலருக்கு நான் வீடு விடறதில்ல என்றார். ஐம்பத்தோரு வயதில் நான் பேச்சிலர் ஆகிவிட்டேன். நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைகாசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். ஆனி, ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடி வரமாட்டார்கள், ஆவணி வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்கிறார். இல்லாவிட்டால் நீ வந்துவிட்டதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வேறு இரண்டு வீடு விசாரித்தேன். எத்தனை பேர் சார் என்றார்கள். மூன்று பேர் என்றேன். வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க, பாத்துட்டுப் பேசுவோம் என்றார்கள்.

சென்னையில் நான் வேலை பார்த்த பாடக் கைடு கம்பெனியை மூடியபோது, ஊருக்கே போய்விடலாம், உங்கள் படிப்புக்கு அங்கே வேலை கிடைக்காமலா போகும் என்று சொன்னவள் நீ. என் எம்.ஃபில்லுக்குக் கிடைத்தது கடலூரில் ஒரு டுடோரியல். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறேன். உன் பழைய ரத்தப் பரிசோதனை லேப்பில் மூன்று மாதத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று உன்னைத் திரும்பச் சென்னைக்கு அழைத்துப்போனவர் உன் அண்ணன். பிறகு அந்த மூன்று மாதத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வெண்மதியையும் அங்கேயே கல்லூரியில் சேர்த்துவிட்டார். போன பொங்கலில் எல்லார் எதிரிலும், மாப்பிள்ளை அங்க சும்மாதான கெடக்கறாரு, நம்ம குடோனுக்கு வந்து சரக்கு எறக்கறதப் பாத்துக்கட்டுமே என்றார். நீ வடை சுட்டுக்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

நீ அனுப்பும் பணம் மாதம் பிறந்ததும் வந்துவிடுகிறது. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் அந்தக் கட்டைவிரல் படத்தைப் போட்டு அனுப்புகிறேன். கோபமென்று நினைக்காதே.

இந்த வீடும் போனால் உன் பீரோ, கிரைண்டர், வெண்மதியின் கட்டில் எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எனக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் அறை போதும். ஆனால் அதன் பிறகு நீ வருவதற்கென்று ஓர் இடம் இருக்காது, ஜோதி.

வெள்ளிக்கிழமை நீ வருவதாக அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்காமல் சொன்னதற்குத் திட்டு. இங்கே வந்து திட்டு. வெண்மதிக்கு லீவுதானே, அவளையும் கூட்டி வா. தங்க முடியாதென்றால் ஞாயிறு இரவே போய்விடு, மற்றவர்களுக்கு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். தோள்பையோடு மட்டும் இறங்காதே. பெரிய பெட்டியாக எடுத்து வா, அமராவதி அம்மா வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். பெட்டி காலியாக இருந்தாலும் பரவாயில்லை. கனமாக இருப்பதுபோல நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

வெண்மதி நன்றாக இருக்கட்டும். நீயும்.

இப்படிக்கு,
இளவரசு