அடைப்புக்குறி போடாமல்

மே 17, திங்கள்

கத்திரி வெயில். செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. பத்தாவது ரிசல்ட் இன்னும் வரவில்லை. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும்.

லாஸ்பேட்டை கம்ப்யூட்டர் சென்டர். சி மொழி வகுப்பில் இது கடைசி வாரம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். என்னோடு ஸ்டெல்லா, என் பள்ளித் தோழி. ஏ.சி. காற்று சார் உட்காரும் பக்கம் மட்டும்தான்.

வாங்க வேண்டியது: பென்சில், ஃபிளாப்பி, அம்மாவுக்கு ஊசி நூல்.

ஸ்டெல்லா முகம் சரியில்லை. அவள் அப்பா மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். பிளஸ் ஒன்னில் காமர்ஸ்தான் என்று சொல்லிவிட்டாராம். "கம்ப்யூட்டர்லாம் உனக்கு ஏறாது. கயல் படிக்கிற புள்ள, அவளுக்கு ஏறும்." கயல் நான்தான். இவள் அழுது கேட்டதில், வெள்ளிக்கிழமை சென்டருக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறாராம். அவளுக்குக் கணக்கு என்றால் உயிர்.

வெள்ளிக்குள் முடிக்க வேண்டியது: மாணவர் பட்டியலை வரிசைப்படுத்தும் புரோகிராம். பெயர்படியும் வர வேண்டும், மார்க்படியும் வர வேண்டும்.

மே 18, செவ்வாய்

வரிசைப்படுத்த இரண்டு பங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, எழுதியிருந்தேன். ஒன்று பெயருக்கு, ஒன்று மார்க்குக்கு. சார் சிரித்தார். "நாளைக்கு உயரத்தின்படி கேட்டா மூணாவதா? வரிசைப்படுத்துறது ஒண்ணு போதும். ரெண்டு பேர்ல யாரு முன்னாடின்னு பாக்குற சின்ன பங்ஷனை மட்டும் அதுகிட்ட குடுத்துடு."

பங்ஷனுக்கு எண்ணைக் கொடுக்கலாம், எழுத்தைக் கொடுக்கலாம். ஒரு பங்ஷனுக்கு இன்னொரு பங்ஷனையே எப்படிக் கொடுப்பது? தலையாட்டிவிட்டேன். புரியவில்லை.

பெயர் பார்க்கும் சின்ன பங்ஷனுக்கு 'பைநேம்' என்று பெயர் வைத்தோம். கொடுக்கும் இடத்தில் பைநேம் என்று எழுதி அடைப்புக்குறி போட்டேன். பங்ஷன் என்றால் அடைப்புக்குறி உண்டு, முதல் வாரப் பாடம். பிழை. உள்ளே தகவல் குறைகிறதாம். பட்டியலின் முதல் இரண்டு பேரை உள்ளே போட்டேன். வேறு பிழை.

"நீயே முழிச்சா நான் எங்கடி போவேன்?" என்றாள் ஸ்டெல்லா.

வீட்டில் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்தேன். ஒப்பிக்க வருகிறது. அவ்வளவுதான்.

மே 19, புதன்

கரன்ட் இல்லாததால் வகுப்பு இல்லை. அம்மா மீன் வாங்கச் சொன்னாள். ஸ்டெல்லாவும் வந்தாள். வைத்திக்குப்பத்தில் படகு நிழலில் நாய்கள். சங்கரா மீன் அரைக் கிலோ.

மீன் ஆய்ந்து தரும் அக்கா, "குழம்புக்கா, வறுவலுக்கா?" என்றார். வறுவலுக்குத்தான். கீறல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று கத்தியை வாங்கி ஒரு மீனைக் கீறினேன். வயிறு பிய்ந்தது.

"ஏ பாப்பா, நீயே வெட்டுறதுன்னா நான் எதுக்கு இங்க குந்தியிருக்கேன்? எப்படின்னு சொல்லிட்டுப் போ. ஒவ்வொண்ணா நான் வெட்டிக்கிறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும்போது ரோட்டின் நடுவில் நின்றாள்.

"அடியே, நாம இதான்டி பண்றோம்! அடைப்புக்குறி போட்டா இப்பவே செய்யின்னு அர்த்தம். நாமளே ஒரு தடவ வெட்டிட்டு, வெட்டுனத கொண்டுபோய் குடுக்குறோம். எப்படி வெட்டணும்னு மட்டும் குடுக்கணும். வெறும் பேரு போதும். எப்ப வெட்டணும், எத்தன தடவன்னு அது பாத்துக்கும்."

ஆமாம். வரிசைப்படுத்தும் பங்ஷன் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, நாம் கொடுத்ததைக் கூப்பிட்டு, யார் முன்னால் என்று கேட்டுக்கொள்ளும்.

உண்மையைச் சொன்னால், சந்தோஷத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தது நான்.

மே 20, வியாழன்

அடைப்புக்குறியை எடுத்தோம். ஓடியது! பைநேம் கொடுத்தால் பெயர் வரிசை, பைமார்க் கொடுத்தால் மார்க் வரிசை. வரிசைப்படுத்தும் பங்ஷனில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. ஸ்டெல்லா என் தோளில் அடித்தாள், இன்னும் வலிக்கிறது.

ஊசி நூல் மறந்துவிட்டேன். திட்டு.

மே 21, வெள்ளி

ஸ்டெல்லாவின் அப்பா யூனிஃபார்மோடு வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். இரண்டு வரிசையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வயசுப்படி வருமா? சின்னது மேல?"

அதை நாங்கள் எழுதவே இல்லை. பட்டியலில் வயது இருந்தது, அவ்வளவுதான். சார் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள். சின்னதாக ஒரு புது பங்ஷன், பைஏஜ். ஓர் அரைப்புள்ளி விட்டுப் பிழை வந்தது, போட்டாள். வந்தது. சின்னது மேலே.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா இதெல்லாம் அவளுக்கு சொல்லிக்குடுத்த?"

ஒரு நொடி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தோன்றியது. அந்த நொடி நன்றாகத்தான் இருந்தது. ஸ்டெல்லா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அங்கிள். எனக்குப் புரியல. அவதான் கண்டுபிடிச்சா, எனக்கும் அவதான் சொல்லிக்குடுத்தா."

"நெஜமாவா?" என்று மகளைக் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப ஏண்டி வீட்ல இவ பேரையே சொல்லிக்கினு கெடந்த?" என்றார். ஸ்கூட்டரில் போகும்போதும் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். இவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டு போனாள்.

இப்போதுதான் போன் செய்தாள். "கயலு, கம்ப்யூட்டர் குரூப்தான்டி! அப்பாவே சொல்லிட்டாரு." பின்னால் அவர் குரல்: "பில்லு ஏறுது, வையி."

நானும் அவளும் ஒரே வகுப்பு. முதல் ரேங்க் இனி எனக்குச் சும்மா வராது. அதை நினைத்தால் பயமாகவும்

அப்பா லைட்டை அணைத்துவிட்டார்.