பளீல் சேரின் மேசைக்கு எட்டாத வயர்

அன்புள்ள உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

எங்கள் கட்டுகஸ்தோட்டை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்கு ஒரு கோப்பு அனுப்பவும் கொழும்புத் தலைமையகம் அனுமதி தர வேண்டும். பொறுக்க முடியாமல் பக்கத்து மேசை அகீலாவின் கணினியையும் என்னுடையதையும் ஒரு வயரால் நேரடியாக இணைத்தேன். அந்த நேரம் பார்த்து மேலாளர் பளீல் சேர் வந்து நின்றார். இதைத் தடைசெய்து சுற்றறிக்கை எழுதியவரே அவர்தான். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் குனிந்து, "தங்கச்சி, வயர் என்ட மேசைக்கும் எட்டுமா?" என்றார்.

அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. வயர் எட்டாததால் தன் மேசையையே தூக்கிவந்து எங்கள் நடுவில் போட்டுக்கொண்டார். இப்போது அகீலாவோடு ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

வாப்பாவிடம் சொல்லி நீளமான வயர் ஒன்று அனுப்புங்கள், சேரின் மேசை பழைய இடத்துக்கே போகட்டும். இங்கே பக்கத்தில் கண்டியிலும் கிடைக்கும், ஆனாலும் வீட்டு ஞாபகமாக அங்கிருந்தே வரட்டும்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
ஆஸிகா