கத்தியது வால்வு, கெட்டது என் பெயர்

ஆகஸ்ட் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கீழே பட்டறைக்குள் தண்ணீர். இரண்டு சாக்கு போட்டுத் தடுத்தோம், லேத்து மிஷின் தப்பித்தது. மேலே பரணில், எங்கள் வீட்டில், மூன்று இடத்தில் ஒழுகல். மூன்றிலும் பாத்திரம்.

வெட்டியது: அரை அங்குலக் குழாய் வாசர், தோல், ஆறு டஜன். முக்கால் அங்குலம், தோல், இரண்டு டஜன். ஃபைபர் யாரும் கேட்கவில்லை.

என் நீல ரப்பர் செருப்பில் வலது கால் இன்னும் கிடைக்கவில்லை. வியாழனிலிருந்து தேடல். நாய் தூக்கியிருக்கும் என்கிறாள் உம்மா. தாராவி நாய்க்கு ஒற்றைச் செருப்பு எதற்கு?

மத்தியானம் வாப்பா மாட்டுங்காவிலிருந்து வந்தார். குடையை மடக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. ஏணி அடியில் நின்றே சத்தம்.

"ஏளா மைமூன்! நீ என்ன வாசர் வெட்டுன? அந்த வால்வு ஊளையிடுது. பில்டிங்கே கூடி நிக்குது. அந்தம்மா என் மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டேங்குது."

மாட்டுங்கா மாமி வீடு (இனி மா.மா. வீடு, கை வலிக்கிறது). மாமிக்கு முழங்கால் வாதம். தினமும் அரைமணி வெந்நீரில் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், யாரோ வெள்ளைக்காரர் விட்டுப் போன பெரிய குளியல் தொட்டியை ஏலத்தில் எடுத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். வால்வு எங்கள் பட்டறை. பித்தளை கடைந்தது வாப்பா, மாட்டப் போனது என் அண்ணன் காசிம் காக்கா, உள்ளே வைக்கும் வாசர் நான்.

பச்சைத் தண்ணீருக்குத் தோல், வெந்நீருக்குச் சிவப்பு ஃபைபர். இது இந்தப் பட்டறையின் சட்டம். அந்த வால்வுக்கு நான் வெட்டியது ஃபைபர். இரண்டு. தீப்பெட்டியில் போட்டுக் காக்காவின் கையில் கொடுத்தேன்.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேனா? இல்லை. வாய் திறந்தேன். காற்று வந்தது.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

காலையில் வாப்பா காக்காவைக் கேட்டார், என் முன்னாலேயே.

"எந்த வாசரப் போட்ட?"

"மைமூன் குடுத்ததுதான். வேற எது?" கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே சொன்னான். "கொஞ்சம் லூசா வெட்டிட்டா போல. பொம்பளப் புள்ள கைதானே வாப்பா, நடுங்கும்."

நடுங்கும்! வாசர் வெட்டும் பஞ்ச் உளியை ஒரே அடியில் இறக்குவேன் நான். இரண்டாவது அடி வேண்டியதில்லை. அவன் அடித்தால் வாசர் கோழிமுட்டை மாதிரி வரும்.

போன புதன்கிழமை மாட்டப் போனவன் மாட்டாமல் வால்வோடு திரும்பி வந்ததும், வியாழன் மறுபடி போனதும் நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "ஒனக்கெதுக்கு" என்றான். அதை இப்போது வாப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே? நாக்கு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். விடை தெரியும், கை தூக்கமாட்டேன். ஆறாம் வகுப்போடு நிறுத்தியபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை. வயசுக்கு வந்த பிள்ளை, போதும் என்றார்கள். போதும் என்று நானும் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று கிடைத்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். தகரப் பெட்டி. உள்ளே:
பஞ்ச் ஏழு.
மரச்சுத்தி.
வேப்பங்கட்டை, அடியில் வைத்து வெட்ட.
தேங்காய் எண்ணெய்ச் சீசா.
மஞ்சள் துணி.

அதை இன்று வாப்பா எடுத்துப் பூட்டிவிட்டார். திட்டக்கூட இல்லை. "இனி காசிம் வெட்டட்டும். நீ உம்மாவுக்குக் கூடமாட இரு" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷ வேலை.

உம்மா: "நல்லதுதான். வெரலு காய்ச்சுப்போன பொண்ண எவன் கேப்பான்?"

ஆகஸ்ட் 4, புதன்

வெயில். துணி காய்ந்தது. மனசு இல்லை.

பெட்டி இல்லாமல் காலை எவ்வளவு நீளம்! வெங்காயம் உரித்தேன். பாத்திரம் துலக்கினேன். கீழே காக்கா பஞ்ச் அடிக்கும் சத்தம். மூன்று அடி, நாலு அடி, பிறகு ஒரு கெட்ட வார்த்தை. மஞ்சள் துணியில் துடைத்திருக்கமாட்டான்.

குழாயடியில் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. காக்காதான் டீக்கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பான். குடத்தோடு வரிசையில் நின்றேன். பக்கத்து வரிசை வீட்டு சுலைகா மாமி:

"என்னளா, நீ வெட்டுன வாசர் ரயிலு மாதிரி ஊதுதாமே? மாட்டுங்காவுல பச்சைக்கொடி காட்டுதாங்களாம்லா!"

எல்லோரும் சிரிப்பு. பின்னால் நின்ற உத்தரப் பிரதேசத்துக்காரி, "ஏ சீட்டிவாலி, ஆகே பட்!" என்றாள். சீட்டி என்றால் விசில், ஆகே பட் என்றால் முன்னே போ. இனி இதுதான் என் பெயர். நகர்ந்தேன். குடம் நிரம்பும் வரை தரையையே பார்த்தேன். தரையில் பார்க்க என்ன இருக்கிறது, சேறு.

கோபம் யார் மேல்:
காக்கா.
வாப்பா.
சுலைகா மாமி.
சிரித்தவர்கள், எண்ணவில்லை.
என் வாய்.

சாயங்காலம் மா.மா. வீட்டிலிருந்து ஆள். மாமாவின் லீவு முடிந்ததாம், இனி டிராம்பே ஆபீஸ் பஸ்ஸில் காலை ஏழு மணிக்கே போய்விடுவாராம். அவர் இல்லாத நேரத்தில் ஆண்பிள்ளைகள் குளியலறைக்குள் வரக்கூடாதாம். ஞாயிறு வரை காத்திருக்க மாமியின் முழங்கால் விடாதாம். வேலை தெரிந்த பெண்பிள்ளை யாராவது இருந்தால் அனுப்பும்படி மாமி சொன்னாராம்.

வாப்பா நெடுநேரம் பீடி பிடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைக்கு வா" என்றார். பூட்டைத் திறந்து பெட்டியையும் எடுத்து வைத்தார்.

காக்காவின் முகம் போன போக்கு! "நான் மாமா இருக்கும்போது போறேன் வாப்பா. இவ என்னத்தக் கழட்டுவா?" மூன்று தடவை சொன்னான். அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஆகஸ்ட் 5, வியாழன்

எழுதியே ஆக வேண்டும். கை ஆடுகிறது. இன்று கோபத்தில்தான் ஆடுகிறது, காக்கா கவனிக்க.

உம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி. வாசலில் கோலம், மழையில் பாதி. வாப்பா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் இரண்டும் துணி சுற்றி, பந்து மாதிரி.

"நீயாடி? கொழந்தையான்னா இருக்காய். சரி, வா. எதையும் தொடாம நேரே உள்ளே போ."

போனேன். தொட்டி வெள்ளை வெளேரென்று. நாலு பேர் படுக்கலாம். மாமி குழாயைத் திறந்து காட்டினார். அல்லாவே! கழுத்து அறுபடும் ஆட்டைப் போல ஒரு சத்தம். பிறகு தடதடவென்று சுவரே அதிர்ந்தது. கீழ் வீட்டில் யாரோ கட்டையால் கூரையைத் தட்டினார்கள்.

மாமி சட்டென்று மூடினார். முகம் சிவந்துவிட்டது. "கேட்டியா? நான் குளிக்கறது பில்டிங் முழுக்கத் தெரியறது. கீழாத்துக்காரர் படியிலே நின்னுண்டு, 'என்ன மாமி, வண்டி பொறப்பட்டாச்சா'ங்கறார். ஒரு பொம்மனாட்டிகிட்டே கேக்கற கேள்வியா இது? நாலு நாளா நான் தொட்டியிலே எறங்கலை."

மாமியும் என்னைப் போலத்தான் என்று தோன்றியது. அவருக்கும் படிக்கட்டில் ஒரு சுலைகா.

படிக்கட்டிலிருந்து வாப்பா கத்தினார், "மெயின் வால்வ மூடிட்டாளா?"

"மூடிட்டேன்" என்று முணுமுணுத்தேன். மாமி வாசலைப் பார்த்து, "மூடியாச்சாம்!" என்றார்.

"ஸ்பானர எடது பக்கமாத் திருப்பச் சொல்லுங்க!"

"எடது பக்கமாம்டி."

தெரியும் எனக்கு. திருப்பியே முடித்துவிட்டேன்.

வால்வின் தண்டை உருவினேன். நுனியில் என் சிவப்பு ஃபைபர் இல்லை. வேறு என்னவோ. நீலமாக, ஊறி உப்பி, ஓரம் கிழிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டு. அது ஆடித்தான் அத்தனை சத்தமும். நகத்தால் பிரித்தெடுத்தேன். மேலே வெள்ளை, அடியில் நீலம். ஓரத்தில் பழுப்பாகத் தீய்ந்த புள்ளி, பாதி.

அந்தப் புள்ளி எனக்குத் தெரியும். ரம்ஜான் சமயம் ஸ்டவ்வில் பட்டது. என் வலது கால் செருப்பின் குதிகால்.

கையை மூடிக்கொண்டேன்.

புது ஃபைபர் வாசரை எடுத்ததும் மாமி, "நில்லு. அது தோல்னா! இதைத்தான் அந்தப் பையனும் கொண்டுவந்தான். தோல் பட்ட ஜலத்திலே நான் குளிக்கமாட்டேன்னு திருப்பி அனுப்பிச்சேன். தோல் இல்லாததா மாத்திட்டேன்னு மறுநாள் வந்து சொன்னானே?"

அப்படியா சங்கதி. ஃபைபர் தோல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல், என்னிடம் கேட்கவும் மனசில்லாமல், என் செருப்பை என் பஞ்ச் உளியால் வெட்டி மாட்டியிருக்கிறான். தோல் ஆகாது என்ற வீட்டுக்குக் கால் செருப்பு!

பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. "தோல் இல்ல மாமி. பருத்திக் காகிதம். அழுத்தி அழுத்திச் செய்றது. தீக்குச்சி குடுங்க."

ஒரு துண்டைக் கொளுத்திக் காட்டினேன். மாமி மூக்கை நீட்டி மோந்தார். காகிதம் எரியும் வாசனைதான்.

"காகிதம்னா காகிதம்னு அவன் சொல்லப்படாதோ? பின்னே என்னத்தை வெச்சான்?"

மூடிய கைக்குள் ஈரம். சொல்லியிருக்கலாம். இந்தக் கட்டடத்துப் பச்சைத்தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் நான் வெட்டிய தோல் இருக்கிறது, நீங்கள் சாமிக்கு வைக்கும் தண்ணீரும் அதைத் தாண்டித்தான் வருகிறது என்றும் சொல்லியிருக்கலாம். "ரப்பர்" என்றேன்.

மாட்டினேன். திறந்தேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும். ஆவி எழும்பியது. மாமி தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை நனைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் எனக்கும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு நான் உட்கார்ந்த இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். நான் வெளியே போகும் வரை காத்திருந்தால் என்ன?

வாசலில் வாப்பாவிடம் மாமி, "ஒம்ம பொண்ணு கெட்டிக்காரி" என்றார்.

வாப்பா பல்லைக் காட்டி, "மொதல்ல தப்பா வெட்டுனதும் இவதாம்மா. இப்பத் திருந்திட்டா."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கையை விரித்துக் காட்டினேன். வாப்பா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். விரலால் புரட்டினார்.

"ஒன் செருப்பா?"

தலையசைத்தேன்.

"காசிமா?"

அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வீட்டுல பேச்சு வேண்டாம். செருப்ப வச்சோம்னு தெரிஞ்சா மாட்டுங்காவுல ஒரு வாசல் நமக்குத் தொறக்காது. அவனுக்குப் பொண்ணு வேற பேசுதோம். பெட்டிய நீயே வச்சுக்கோ."

என் பெட்டியையே எனக்குக் கூலியாகக் கொடுக்கிறார், வாயை மூடுவதற்கு. எப்போதும் சும்மாதானே மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

தூறல். பட்டறை லீவு. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போனதும் கீழே பெருக்கினேன். லேத்துக்குப் பின்னால், பித்தளைச் சீவல் குவியலுக்குள் என் வலது செருப்பு. குதிகாலில் ஓட்டை. வட்டம்கூடச் சரியில்லை, இரண்டு அடி அடித்திருக்கிறான்.

கழுவி வெயிலில்லாத கம்பியில் மாட்டினேன்.

பஞ்ச் எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஒன்றின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. சாணை பிடிக்க வேண்டும்.

சாப்பிடும்போது காக்கா: "என்ன சீட்டிவாலி, மறுபடி வேல கெடச்சிட்டா?" வாப்பா குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா சிரித்தாள். உம்மாவுக்குத் தெரியாது.

வாப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் குழம்பு.

ஆகஸ்ட் 7, சனி

மழை இல்லை. குழாயில் தண்ணீர் ஏழு மணிக்கே.

இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு போனேன். வலது குதிகால் ஓட்டையில் சேறு பிதுங்கி வந்தது. வாப்பாவிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மாட்டுங்காவில் பேசமாட்டேன். அது பட்டறையின் சோறு. தாராவியில் என் பெயர் என்னுடையது.

சுலைகா மாமிதான் முதலில் பார்த்தாள். "என்னளா இது, செருப்புல ரூபாய் அளவு ஓட்டை? எலி கடிச்சிதா?"

எல்லோரும் திரும்பினார்கள். தரையைப் பார்க்கவில்லை.

"எலி இல்ல மாமி. காசிம் காக்கா வெட்டுன வாசர். அதுதான் மாட்டுங்காவுல ஊதுச்சு. நான் வெட்டுனது இப்ப அங்க இருக்கு. சத்தம் கேக்குதா?"

உத்தரப் பிரதேசத்துக்காரிக்கு யாரோ இந்தியில் எடுத்துச் சொன்னார்கள். அவள் போட்ட சிரிப்பில் குடம் சாய்ந்தது.

அப்போது காக்கா பல் துலக்கிக்கொண்டே சந்து முனையில் வந்தான். முப்பது பேரும் ஒன்றாக விசில் அடித்தார்கள்.