இதில் இல்லாதவை

மார்ச் 7, செவ்வாய்

திட்ட ஆவணத்தின் கடைசிப் பக்கத்தைக் காணவில்லை. நான் அனுப்பியபோது இருந்தது. வில்சன் அதைப் பால் சங்கத்துக்கு அனுப்பியபோது இல்லை. "இதில் இல்லாதவை" என்று தலைப்புப் போட்ட பக்கம். அவர்களுக்குச் செய்யப்போகும் மென்பொருளில் எதெல்லாம் வராது என்று உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தேன். சுத்தமாகக் கத்தரித்துவிட்டான்.

போய்க் கேட்டேன். மாத்தே இலைக் கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறான்: "முதல் தடவை ஒரு பொண்ணோட டான்ஸ் ஆடப் போறப்ப, எனக்கு எந்தெந்த ஸ்டெப் வராதுன்னு லிஸ்டா வாசிப்பாங்க, ஹிமே?"

வாசிக்கணும்டா. காலை மிதிச்சதுக்கு அப்புறம் சொல்றதைவிட அது மேல். ஆனால் இது அங்கே நிற்கும்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் பேருந்தில்தான் தோன்றியது. எனக்கு எப்போதும் பதில் பேருந்தில்தான் வரும்.

மார்ச் 9, வியாழன்

அவனும் நானும் இந்த நிறுவனத்தில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவன் இன்று வாடிக்கையாளர் உறவுத் தலைவர். நான் எழுதுகிறவள். பேசுவது அவன், எழுதுவது நான், மாட்டிக்கொள்வதும் நானே. முதல் பக்கத்திலேயே இருக்கிறது: "பொறுப்பு: ஹிமேனா பென்தான்கோர்".

போன வருடம் மருந்துக்கடைக்காரர்களுக்குச் செய்த வேலையில் மரிசெல் பெயர் இருந்தது. எது உண்டு, எது இல்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வேலை ஊதி ஊதி வெடித்தது. மரிசெலை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவுபசாரக் கேக்கை வாங்கி வந்தது வில்சன்! அவள் நாற்காலி என் பக்கத்தில் இன்னும் காலியாக நிற்கிறது. எல்லோரும் அதில் தங்கள் கோட்டுகளைப் போடுகிறார்கள்.

முதலாளி இன்று நேரடியாகவே சொல்லிவிட்டார். "செப்டம்பர் ஒண்ணாம் தேதி ஓடியாகணும். அந்த மாசம் வசந்தம் வந்துட்டா பால் பெருகும், அதுக்கு முன்னாடி. ஓடலேன்னா யார் பேர் இருக்குன்னு உனக்கே தெரியும்."

தெரியும்.

மார்ச் 14, செவ்வாய்

நல்ல நாள். இப்படி எழுத வாய்ப்பே குறைவு, அதனால் எழுதி வைக்கிறேன்.

சான் ஹோசேயில் சங்க அலுவலகத்தில் மூன்று மணி நேரக் கூட்டம். திட்டத்தின் நோக்கத்தை ஒரே வரியில் பிடித்துவிட்டோம்: "காலையில் கொடுத்த பாலின் அளவும் தரமும் அன்றைக்கே உறுப்பினருக்குத் தெரிய வேண்டும்." அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் உபால்தோ எத்சார்த், எழுபதைத் தொடுகிறார். ஊரே மரியாதையாக "தோன் உபால்தோ" என்கிறது. இன்னமும் தன் மாடுகளைத் தானே கறக்கிறாராம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "சரியா இருக்கும்மா" என்றார். பிறகு ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். வில்சன் அதற்குள் புகுந்து, "சனிக்கிழமை அசாதோவுக்கு இறைச்சி சுட நான்தான் அடுப்புல நிப்பேன், தோன் உபால்தோ, ஆமா சொல்லிட்டேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 18, சனி

வில்சனிடமிருந்து குரல் பதிவு. பின்னால் கொழுப்பு கனலில் சொட்டிப் பொரிகிற சத்தம். "ஹிமே, மாட்டு டாக்டர் வந்து போற விவரமும் அதுலயே இருந்தா நல்லாயிருக்கும்ங்கிறார் தோன் உபால்தோ. சின்ன விஷயம்தான். சேர்த்துடு."

பதிவு முடியும் இடத்தில் அடுப்பில் நின்றவனுக்கு எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவனுக்குக் கைதட்டல். எனக்கு "சேர்த்துடு".

மார்ச் 25, சனி

இந்த வாரம் பாலாடைக்கட்டிக் கடையின் விற்பனையும் சேர வேண்டுமாம். "சின்ன விஷயம்தான்."

ஏப்ரல் 5, புதன்

விடுமுறை வாரம். நாடே கடற்கரையில் கிடக்கிறது. நானும் தங்கையோடு ரோச்சாவில் இருக்கிறேன். மணலில் உட்கார்ந்தபோது வருகிறது அவன் குரல்: சங்கத்துக் கால்பந்து அணியின் ஆட்ட அட்டவணையும் அதில் தெரிய வேண்டுமாம்.

"பாலுக்கும் கால்பந்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்றேன்.

"ரெண்டுக்கும் புல்லு வேணும்" என்றாள் தங்கை.

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. அவனுக்கு லீவு இல்லையா? அவன் வீட்டில் அடுப்பு இல்லையா? ஏன் அங்கேயே போய் நிற்கிறான்?

ஏப்ரல் 13, வியாழன்

"இதில் இல்லாதவை" பக்கத்தைத் திரும்பவும் சேர்த்து அனுப்பினேன். திரும்பவும் வெட்டியிருக்கிறான். இம்முறை பக்க எண்ணைக்கூட ஒழுங்காகச் சரிசெய்து வைத்திருக்கிறான். வேலை செய்ய வருகிறது, இந்த மாதிரி வேலை மட்டும்.

எலியாஸ் வந்து நின்றான். நிரல் எழுதுவது அவன், சோதித்துப் பார்ப்பது ரோசானா. எங்கள் குழு அவ்வளவுதான். "போன தடவை மாதிரி ஆயிடாதுல்ல?" என்றான். ரோசானா கோட்டுகள் தொங்குகிற நாற்காலியைப் பார்த்தாள்.

ஆகாது என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஏப்ரல் 29, சனி

இருபத்தொன்பதாம் தேதியாயிற்றே, வழக்கப்படி எல்லார் வீட்டையும் போல என் வீட்டிலும் நியோக்கி, உருளைக்கிழங்கு உருண்டை. முதல் கரண்டி வாய்க்குப் போகவில்லை, அவன் குரல் பதிவு வந்துவிட்டது. பால் வண்டி எங்கே வருகிறது என்று போனில் தெரிய வேண்டுமாம். ஆண்டு விழாக் குலுக்கலையும் மென்பொருளே நடத்த வேண்டுமாம்.

அந்தப் பெரியவரை நல்லவர் என்று நினைத்தேன். பேராசை பிடித்த கிழவர்! ஒரு வரியைப் படித்துச் "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒன்று கேட்கிறார்.

மே 10, புதன்

குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மழையே இல்லை. மாத்தே வாயில் வைக்க முடியவில்லை. அந்த எரிச்சலோடு எரிச்சலாகப் போய் அவன் மேசை முன்னால் நின்றேன்.

"டேய், அந்த ஆளுகிட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இது இதுல இல்லை'ன்னு சொல்லிப் பாரேன். வாய் வெந்துடுமா?"

"அவங்க வீட்டு முற்றத்துல, அவங்க மாட்டை அறுத்துப் போட்டுச் சாப்பிட்டுட்டு, இல்லைன்னு எப்படிச் சொல்றது? நீயே சொல்லு."

"மாட்டைச் சாப்பிடுறது நீ. அடி வாங்குறது நான்."

"அப்ப நீயும் வாயேன். யார் வேணாம்னா? நீ வர்றதில்லை."

என்னை யார் கூப்பிட்டார்கள்? ஒரு சனிக்கிழமைகூடக் கூப்பிடவில்லை. இப்போது நான் வராததுதான் குற்றம். மேசையில் இருந்த அவன் தெர்மாஸ் குடுவையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. "வரேன்" என்றேன்.

மே 20, சனி

போனேன். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஆறிப்போவதற்குள்.

"இதில் இல்லாதவை" பக்கத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு காலைப் பேருந்தில் சான் ஹோசே. முற்றத்தில் அடுப்பைச் சுற்றி ஆண்கள், கையில் ஒயின். நான் வாசலில் கால் வைத்ததும் உபால்தோவின் மனைவி எலிதா கன்னத்தில் முத்தமிட்டு, நேராகச் சமையலறைக்கு அழைத்துப்போய், லெட்டூஸ் கட்டைக் கையில் கொடுத்துவிட்டார். "கிள்ளிக் கொடும்மா, சாலடுக்கு." திட்டத்தின் வரம்பைப் பேச வந்தவள் கீரை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது?

ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. தோன் உபால்தோ நாற்காலியில் பின்னால் சாய்ந்து, பெல்ட்டைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தார். வில்சன் ஒரு விலாத் துண்டை அவர் தட்டில் வைத்தான். பெரியவர் அதை ஒரு பார்வை பார்த்தார். வயிற்றைத் தடவினார். சாப்பிட ஆரம்பித்தார்.

"ராத்திரி முழுக்க முனகப் போறாரு" என்றார் எலிதா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "யார் எதை வச்சாலும் வேணாம்னு சொல்லத் தெரியாது. அடுப்புல நிக்கிற ஆளு மனசு நோகுமாம். கல்யாணமான நாள்லேருந்து இதே கதைதான்."

அப்போது கேட்டது வில்சன் குரல்: "அப்புறம், தோன் உபால்தோ? வேற என்ன வேணும் அதுல?"

பெரியவர் வாயில் இருந்ததை விழுங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காலடியில் அவருடைய நாய் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாய்ங்களுக்கு ஊசி போட்ட தேதி... அதையும் போட்டு வைக்கலாமோ?"

"அருமை! சேர்த்துடலாம்!" என்றான் வில்சன்.

கையில் லெட்டூஸோடு முற்றத்துக்குப் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"தோன் உபால்தோ, உண்மையைச் சொல்லுங்க. நாய் ஊசி உங்களுக்கு வேணுமா?"

"ஹிமே, இறைச்சி ஆறுது, ஒரு தட்டு எடுத்துக்க" என்றான் வில்சன்.

பெரியவர் என் முகத்தையே பார்த்தார். "வேணாம்மா."

"கால்பந்து?"

"வேணாம்."

"குலுக்கல்? வண்டி? பாலாடைக்கட்டிக் கடை?"

"எதுவும் வேணாம். அப்புறம் ஏன் கேட்டேங்கிறியா? நான் எங்க கேட்டேன்? இவர்தான் வாரா வாரம் கேட்டார், வேற என்ன வேற என்னன்னு. அவ்ளோ தூரத்துலேருந்து வந்து புகையில நிக்கிறாரு. ஒண்ணும் வேணாம்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா? சரி, பாவம், நிறைய விக்கணும் போலன்னு நினைச்சேன்."

வில்சன் இடுக்கியைப் பிடித்தபடி நின்றான். அவன் கேட்டது மரியாதைக்கு. அவர் சொன்னது மரியாதைக்கு. இரண்டு மரியாதைக்கு நடுவில் நசுங்கியது நாங்கள் மூன்று பேர்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெயரே இல்லை. பத்து வாரம்! மரிசெலின் நாற்காலியை நினைத்து நினைத்து நான் தூக்கம் கெட்ட பத்து வாரம்!

மாட்டு டாக்டர் முதல் குலுக்கல்வரை எல்லாம் எழுதியிருந்த அந்தப் பக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகமும் கறுத்தது. "அப்ப இத்தனை நாளா என்னை எல்லாத்துக்கும் அலையிறவன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்களா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல அப்போது முடியவில்லை.

பக்கத்தை மடித்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "ஒண்ணே ஒண்ணு இருக்கு. கூட்டத்துல சொல்ல வாய் வரலை." பால் ஆலை வாசலில் ஒரு பலகை. யார் பால் தரம் கெட்டுத் திரும்புகிறதோ அவர் பெயரைச் சாக்கட்டியில் அதில் எழுதுவார்கள். வண்டிக்காரர்கள் எல்லாம் படிப்பார்கள். "ஒரு தடவை என் பேர் இருந்துச்சு. நான் உள்ள தலைவர் நாற்காலியில உட்கார்ந்து சுத்தத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். கேட்டுக்கிட்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மொதல்ல அந்த ஆளுக்குத் தெரியணும்மா. மத்தவங்களுக்கு அப்புறம் தெரியட்டும், இல்ல தெரியாமலே போகட்டும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"தலைவர் தன் மானத்துக்குக் கேக்குறான்னு சொல்ல மாட்டாங்களா?"

வாசல்வரை என் பின்னால் வந்தான் வில்சன். "என் அடுப்புகிட்ட வந்து என்னை அசிங்கப்படுத்திட்ட."

"ஆமா" என்றேன். இந்த ஒரு தடவை பதில் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கொஞ்சம்தான்.

மே 24, புதன்

கையெழுத்தானது. நோக்கம் ஒரு வரியாகவே இருக்கிறது, ஆனால் அந்த வரி மாறிவிட்டது: "ஒருவருடைய பாலைப் பற்றிய செய்தி முதலில் அவருக்கே போய்ச் சேர வேண்டும்." கடைசியில் "இதில் இல்லாதவை". நாய் ஊசி முதலிடம். பெரியவர் அந்தப் பக்கத்தில் தனியாக இன்னொரு கையெழுத்துப் போட்டார்.

வில்சன் என்னோடு பேசவில்லை.

ஜூன் 22, வியாழன்

பேசவில்லை. மாத்தே குவளை கை மாறிச் சுற்றும்போது என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறான். கொடுக்காமல் போ. உப்புத் தண்ணீர்தானே.

ஜூலை 19, புதன்

முதலாளி கேட்கிறார்: "வில்சன் பெருசா பிடிச்சுட்டு வந்த வேலையை நீ சின்னதாக்கிட்டியாமே?" ஆமாம், ஆக்கினேன். முடிக்கிற அளவுக்கு. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்த எனக்குத்தான் புத்தி இல்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

ஓடுகிறது.

மரிசெல் நாற்காலியில் இருந்த கோட்டுகளை எல்லாம் எலியாஸ் எடுத்துக் கொக்கியில் மாட்டினான். நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, சனி

சான் ஹோசேயில் அசாதோ. இந்த முறை தோன் உபால்தோவே போன் செய்து கூப்பிட்டார். அடுப்புப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எலிதாவுக்குக் கீரை கிள்ளிக் கொடுத்தது எலியாஸ். மகா மோசமாகக் கிள்ளினான்.

பெரியவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை ஒருத்தர் பால் திரும்புச்சு. உனக்குத் தெரியுமா?"

யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே செய்தோம்.

"என்னோடது. கறந்துட்டுக் கை கழுவிக்கிட்டிருந்தேன், போன் சிணுங்குச்சு. ஒரு மாட்டுக்கு மடி வீக்கம், கவனிக்காம விட்டுட்டேன். அந்த மாட்டைத் தனியாக் கட்டினேன். சட்டையை மாத்திக்கிட்டு ஆபீஸ் போனேன். யாருக்கும் தெரியாது. உன்கிட்ட மட்டும் சொல்றேன்." கண் கலங்கியிருந்தது. புகை என்றார்.

அப்போது வில்சன் வந்தான், இடுக்கியில் சொட்டச் சொட்ட ஒரு விலாத் துண்டு. "இன்னொண்ணு, தோன் உபால்தோ?"

பெரியவர் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "வேணாம்ப்பா. போதும்."

வீட்டுக்குள்ளிருந்து எலிதா எட்டிப் பார்த்தார்.

வில்சன் அந்தத் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுப் போனான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் சுடுகிறான், பாவி. அதுதான் எரிச்சல்.