பதினோரு மணிக் கீரி

ஜூன் 3
பேத்தி இன்றும் கூப்பிட்டாள், சரியாகப் பதினோரு மணிக்கு. கீரிப்பிள்ளை ஒன்றை ரோமம் ரோமமாக வரைகிறாளாம். என் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் வருகிற கீரியேதான் வேண்டுமாம்.
“முதுகு என்ன நிறம் பாட்டி?”
“ஒரு நிறமா? ஒரே மயிரில கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி. எள்ளுல அரிசிக் குருணை கலந்த மாதிரி.”
“புத்தகத்துலகூட இப்படிப் போடலை பாட்டி.”
நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்தப் புத்தகக்காரர்கள் எதுவரை படித்தார்களோ.

ஜூன் 9
இடது காதில் சின்னக் கிழிசல். இத்தனை நாள் கண்ணில் படவில்லை. சொன்னதும் துள்ளினாள்.

ஜூன் 13
வரவில்லை. பின்வீட்டுக்காரர் கீரி நுழைகிற மதில் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்.

ஜூன் 14
“வந்துச்சா பாட்டி?”
“வந்துச்சே” என்றது வாய். ஏன் அப்படிச் சொன்னேன்? வரவில்லை என்றால் என்னிடம் கேட்க அவளுக்கு வேறென்ன இருக்கிறது? முன்பெல்லாம் மாதம் ஒரு தரம் — சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா — முடிந்தது. கூப்பிடு என்று நான் யாரிடமும் கெஞ்சினதில்லை. இந்த வயதிலா பழகுவேன்.

ஜூன் 20
பொய்க்கும் சரக்கு தீர்ந்துபோயிற்று. இன்று முன்காலால் முகம் கழுவியது என்று அளந்துவிட்டேன்.

ஜூன் 27
காலையிலிருந்து ஜன்னலில் நின்றேன். மதில்தான் நிற்கிறது.

ஜூலை 4
படம் வந்தது. கொண்டுவந்த ஆளே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார். எள்ளும் குருணையும் அப்படியே. கிழிந்த காது. மூக்கில் ஈரம்கூட — தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.
கண்ணாடி போட்டுக்கொண்டு மூலையைப் படித்தேன். அவள் பெயர். கீழே படம் முடிந்த தேதி: ஜூன் 11.
பதினொன்றா? மறுபடி படித்தேன். அதற்குப் பிறகும் மூன்று வாரமாகத் தினம் கேட்டாளே, மீசை எந்தப் பக்கம் வளையுது, வால் தரையைத் தொடுதா என்று. அதெல்லாம் எதற்கு?
போன் அடித்தது.
“இன்னைக்கு வந்துச்சா பாட்டி, கீரி?”
“வரலை கண்ணு. பதிமூணாந்தேதியிலேருந்தே வரலை.”
“தெரியும். கடைசில உங்க கீரி பூனை மாதிரி முகமெல்லாம் கழுவுச்சே.”
“நீ மட்டும் என்னவாம்? முடிச்ச படத்துக்கு மீசை கேட்டவதானே.”
பிறகு அவள்தான், “இன்னைக்கு என்ன சமையல்?” என்றாள்.
முக்கால் மணி நேரம். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.